பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறீர்களா? இன்ஜினைப் பார்க்கும் முழு முறை

பல்லடம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லின் பின்கட்டு ஷெட்டில் நின்றிருந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டைப் பார்க்க நான் போனபோது காலை பத்து மணி. வண்டி கழுவித் துடைத்து, ரேடியேட்டர் முழுக்கத் தண்ணீர் ஊற்றி, வெளியே இழுத்து நிறுத்தியிருந்தார்கள். "சாவியைத் திருப்புங்க தம்பி, ஒரே செல்ஃப்ல புடிச்சுக்குமுங்க" என்றார் வண்டிக்காரர். திருப்பினேன், பிடித்தது, சத்தம் சீராக இருந்தது, வாங்கிவிட்டேன். பானெட்டின் மேல் கை வைத்தபோது சூடாக இருந்ததை நான் கவனித்தேன், ஆனால் அதற்கு அர்த்தம் என்ன என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. இரண்டு மாதத்தில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டு) வரைக்கும் வேலை வந்துவிட்டது. அந்த இன்ஜினைப் பிரித்துப் போட்ட லேத்துப் பட்டறையில் பெஞ்சு மேல் உட்கார்ந்துதான் நான் இதையெல்லாம் கற்றுக்கொண்டேன். அடுத்து வாங்குகிறவர்களுக்கு அந்தச் செலவு வரக்கூடாது என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். கோயம்புத்தூர்ச் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் நமக்கு, போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்த இன்ஜின் ஒரு பெரிய பயம் இல்லை. பீளமேட்டிலும் கணபதியிலும் சிட்கோவிலும் போர் அடிக்க (தேய்ந்த உட்சுவரைக் கடைந்து பெரிசாக்க), கிராங்க் கிரைண்ட் பண்ண, ஹெட் (இன்ஜினின் மேல்மூடி) பிளேன் போட ஆள் இருக்கிறார்கள், உக்கடத்தில் பழைய சாமான் கிடைக்கிறது. அதனால் "இந்த இன்ஜின் நல்லதா கெட்டதா" என்று மட்டும் கேட்டால் பாதிதான் கேட்டதாக ஆகும். இது காசு போட்டால் சரியாகிற கோளாறா, அல்லது எவ்வளவு போட்டாலும் சரியாகாத கோளாறா என்று கேட்க வேண்டும். முதல் வகை என்றால் விலையைக் குறைத்து வாங்கலாம். இரண்டாவது வகை என்றால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம். கீழே சொல்லும் ஒவ்வொரு சோதனையும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்குத்தான்.

எந்த வண்டி, எந்த இன்ஜின்

நம்ம பக்கம் கைமாறுகிற பழைய ஸ்போர்ட்டி வண்டிகள் என்றால் ஹெரால்டு, கான்டெஸா, பிரீமியர் 118 என்.இ. இவைதான் அதிகம். எஸ்டேட் வீடுகளிலிருந்தும் பழைய மில் குடும்பங்களிலிருந்தும் எப்போதாவது ஒரு எம்ஜி, ஒரு டிரயம்ஃப் வெளியே வரும். போவதற்கு முன்னால் அந்த வண்டிக்குள் எந்த இன்ஜின் என்று தெரிந்துகொண்டு போங்கள், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு.

ஹெரால்டின் 948 சிசி இன்ஜினும் டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயரின் இன்ஜினும் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்துக்கு கிராங்க்கை முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர் என்ற ஒரு பலவீனம் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். நம்ம அம்பாசடரில் வந்த 1489 சிசி இன்ஜின் பிஎம்சி என்ற இங்கிலாந்து கம்பெனியின் பி-சீரிஸ். 1950-களின் எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரில் வந்ததும் அதே 1489 சிசி பி-சீரிஸ்தான், எம்ஜிபியில் அதையே 1798 சிசிக்குப் பெரிதாக்கினார்கள். ஆகவே ஊரில் அம்பாசடரைப் பிரித்துப் பூட்டிய வயதான மெக்கானிக் ஒருத்தர் இருந்தால், எம்ஜி பார்க்கப் போகும்போது அவரைத்தான் கூட்டிப்போக வேண்டும், பளபளப்பான ஷோரூம் ஆளை அல்ல. கான்டெஸா 1984-ல் வந்தபோது இதே 1489 சிசி இன்ஜினோடுதான் வந்தது, அந்தப் பெரிய உடம்புக்கு அது பத்தாமல் பிற்பாடு இசுசு 1.8 லிட்டர் வந்தது. 118 என்.இ.யில் இருப்பது நிஸானின் ஏ12, 1171 சிசி, பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் அடிக்கட்டு) இரும்பு, ஹெட் அலுமினியம். ஒருமுறை நன்றாக ஹீட் ஆகிவிட்டால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும், அதனால் அந்த வண்டியில் கூலிங் பக்கம் இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

இன்னொன்று. நடுவில் பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் இந்த வண்டிகள் பலவற்றில் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் பூட்டினார்கள். திரும்பவும் பெட்ரோல் பூட்டி விற்கிற வண்டிகளும் உண்டு. அதனால் டார்ச்சைக் கையில் எடுத்த உடனே செய்ய வேண்டியது, பிளாக்கில் அடித்திருக்கும் இன்ஜின் நம்பரை ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுவது. நம்பர் இருக்கும் இடத்தில் கிரைண்டர் ஓடிய தடம், சுற்றிலும் இல்லாத புதுப் பெயின்ட், எழுத்துகள் வளைந்து நெளிந்து இருப்பது, இதில் எது இருந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். இது எந்த லேத்தாலும் சரிசெய்ய முடியாத கோளாறு. இன்ஜின் மாற்றியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும், "அதெல்லாம் பண்ணிக்கலாமுங்க" என்பதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். ஐம்பது வயது தாண்டி அசல் நிலையில் இருக்கும் வண்டிகளுக்கு 2021-ல் வந்த விதிப்படி வின்டேஜ் என்று தனிப் பதிவு உண்டு. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்டத்துக்கு எடுக்க முடியாது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை

நல்ல டார்ச், பிளக் ஸ்பேனர், கம்ப்ரஷன் கேஜ், சின்ன ஆயில் கேன், பேனா மாதிரி இருக்கும் காந்தம், வெள்ளை பனியன் வேஸ்ட் ஒரு கட்டு. பனியன் வேஸ்ட் வெள்ளையாக இருக்க வேண்டும், கலர்த் துணியில் ஆயிலின் நிறம் தெரியாது. முடிந்தால் சார்ஜ் ஏற்றிய பேட்டரி ஒன்று, ஏனென்றால் அங்கே இருக்கும் பேட்டரி பாதி உயிரில்தான் இருக்கும், இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் கம்ப்ரஷன் கேஜ் தப்பாகக் காட்டும்.

அப்புறம், போவதற்கு முந்தின நாளே போன் பண்ணி "நான் வரும் வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாமுங்க" என்று சொல்லிவிடுங்கள். காத்தாலேயே போங்கள். போனதும் வணக்கம் சொல்லிக்கொண்டே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் கோபப்பட வேண்டாம், ஊருக்குள் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு மத்தியானம் தாண்டி வருகிறேன் என்று சொல்லிக் கிளம்புங்கள், குறைந்தது ஐந்தாறு மணி நேரம் ஆற வேண்டும். சூடான இன்ஜின் பல வியாதிகளை மறைத்துவிடும். போர் தேய்ந்து பிஸ்டன் ஆடுகிற சத்தம் சூடானதும் அடங்கிவிடும். வால்வு ஸீல் வழியாக ராத்திரி முழுக்கச் சொட்டிய ஆயில் முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகையாகப் போய்விடும், இரண்டாவது ஸ்டார்ட்டில் ஒன்றும் தெரியாது. எனக்கு ஹெரால்டில் நடந்தது இதுதான்.

ஸ்டார்ட் பண்ணாமலே பார்க்க வேண்டியது

இங்கேதான் நிதானம் வேண்டும், அரை மணி நேரம் போனாலும் பரவாயில்லை.

ரேடியேட்டர் மூடியைத் திறங்கள், ஆறிய வண்டியில் மட்டும். உள்ளே கூலன்ட் நிறம் இருக்கிறதா, வெறும் தண்ணீரா? நம்ம பக்கத்தில் இது மிக முக்கியம், ஏனென்றால் அவிநாசி, பல்லடம், காங்கேயம் பக்கம் எல்லாம் போர்வெல் தண்ணீர் உப்பு. வருஷக்கணக்கில் அந்தத் தண்ணீரை ஊற்றிய இன்ஜினில், டீக்கடை பாய்லருக்குள் படிகிற மாதிரியே வாட்டர் ஜாக்கெட்டுக்குள் (சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வழி) வெள்ளையாகக் கல் கட்டிவிடும். கேஜ் சரியாக இருக்கும், பம்ப் சரியாக இருக்கும், ஆனாலும் நாலாவது சிலிண்டர் பக்கம் தண்ணீர் ஓடாமல் அங்கே மட்டும் ஹீட் ஏறும். விரலை மூடிக்குக் கீழே விட்டுத் தடவிப் பாருங்கள், சொரசொரவென்று வெள்ளையோ செம்மண் மாதிரித் துருவோ கையில் வந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். தண்ணீர் மேல் ஆயில் வானவில் மாதிரி மிதந்தால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட்டோ அதைவிடப் பெரிசோ போயிருக்கிறது. உப்பு இல்லாத சிறுவாணித் தண்ணீர் ஊற்றி வளர்த்த வண்டியும் போர் தண்ணீர் ஊற்றிய வண்டியும் ஒரே வருஷத்து வண்டியாக இருந்தாலும் பிளாக்கைத் திறந்தால் வேறு வேறு.

பிளாக்கின் பக்கவாட்டில் வட்டமாகத் தட்டு மாதிரி இருக்கும் கோர் பிளக்குகளை டார்ச் அடித்துப் பாருங்கள். துருக்கண்ணீர் வழிந்த தடம் இருந்தால் மாற்றச் சொல்லலாம், அது சின்ன வேலை. ஆனால் பிளாக்கில் கோடு போல ஓடும் வெல்டிங்கோ, எம்-சீல் பூசிய தடமோ தெரிந்தால் பிளாக் விரிசல் விட்டிருக்கிறது என்று அர்த்தம். அது எழுந்து வரவேண்டிய வகை.

டிப்ஸ்டிக்கை எடுத்து பனியன் வேஸ்ட்டில் துடைத்துப் பாருங்கள். கறுப்பாக இருப்பது தப்பு இல்லை, ஓடின வண்டி ஆயில் கறுக்கத்தான் செய்யும். பால் டீ நிறத்தில் குழைந்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பெட்ரோல் வாசம் தூக்கலாக அடித்தால் மெக்கானிக்கல் பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் சம்ப்புக்குள் (அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) இறங்குகிறது, அல்லது கார்புரேட்டர் வழிகிறது. ஆயில் பசை மாதிரி கெட்டியாக நூல் நூலாக இழுத்தால் கவனம். இந்த இன்ஜின்களுக்கு 20டபிள்யூ-50 போடுவது வழக்கம், அதைவிட ரொம்பக் கெட்டியாக இருந்தால் பேரிங் சத்தத்தை அடக்க கியர் ஆயில் கலந்திருக்கலாம். காந்தத்தை ஆயில் ஊற்றும் வாயில் கொஞ்சம் தடவி எடுத்துப் பாருங்கள், இரும்புத் துகள் ஒட்டினால் எங்கேயோ இரும்பு தேய்கிறது. காந்தத்தில் ஒட்டாத செம்பு மினுமினுப்பு துணியில் தெரிந்தால் பேரிங்கின் மேல்பூச்சு போய் அடித்தட்டு வெளியே வந்துவிட்டது.

இப்போது நான் சொன்ன த்ரஸ்ட் வாஷர். ஒருத்தரை உள்ளே உட்கார வைத்து, இன்ஜின் ஓடாமல் இருக்கும்போது கிளட்ச்சை மிதித்து விடச் சொல்லுங்கள். நீங்கள் முன்னால் நின்று கிராங்க் புல்லியைப் பாருங்கள். கிளட்ச்சை மிதிக்கும்போது புல்லி முன்னால் நகர்கிறதா? டிரயம்ஃப் குடும்பத்து இன்ஜினில் அனுமதிக்கப்பட்ட நகர்வு 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர், அதாவது கண்ணுக்குத் தெரியவே கூடாது. கண்ணுக்குத் தெரிகிறது என்றால் வாஷர் தேய்ந்திருக்கிறது. "டிக்" என்று சத்தத்தோடு நகர்ந்தால் வாஷர் கழன்று சம்ப்புக்குள் விழுந்தே போயிருக்கலாம், அப்படியே ஓட்டினால் கிராங்க் பிளாக்கையே அரைத்துவிடும். என் வண்டியில் சம்ப்பைக் கழற்றியதும் அரை நிலா மாதிரி இரண்டு துண்டு ஆயில் சேற்றில் கிடந்தது. அதை மெக்கானிக் அண்ணன் எடுத்துத் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தபோது ஒன்று சவரக்கத்தி மாதிரித் தேய்ந்திருந்தது. அரை நிமிஷச் சோதனை இது, ஒரு ரூபாய் செலவு இல்லை. தேய்வது ஆரம்பக் கட்டமாக இருந்தால் வாஷர் மாற்றுவது சம்ப்பைக் கழற்றிச் செய்கிற வேலைதான், ஆனால் பிளாக் அரைபட்டுவிட்டால் கணக்கு வேறு.

அடுத்து பிளக் நாலையும் கழற்றி வரிசையாக வையுங்கள், எந்த சிலிண்டர் என்று குழப்பாமல். பிஸ்கட் நிறம் என்றால் நல்லது. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், டியூனிங்கில் போய்விடும். ஆயில் ஈரத்தோடு கறுப்பு என்றால் பிஸ்டன் ரிங்கோ வால்வைப் பிடிக்கும் கைடோ தேய்ந்திருக்கிறது. ஒரே ஒரு பிளக் மட்டும் கழுவி விட்ட மாதிரி பளிச்சென்று இருந்தால் அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது. நாலு பிளக்கும் இன்றைக்குத்தான் கடையில் வாங்கிப் பூட்டிய மாதிரி இருந்தால், பழைய பிளக்கைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

வருஷக்கணக்கில் நின்ற வண்டி

தோட்டத்துச் சாளையில், கட்டுத்தரைக்குப் பக்கத்தில், தென்னை ஓலை மூடி நின்ற வண்டி நம்ம ஊரில் நிறைய. அதை நேராக செல்ஃப் அடிக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு மூன்று ஸ்பூன் ஆயில் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். அப்புறம் பிளக் இல்லாமலே, இக்னிஷன் ஆஃப், நாலாவது கியரில் போட்டு இரண்டு பேர் மெதுவாகத் தள்ளுங்கள், இன்ஜின் சுற்றுகிறதா என்று மட்டும் பாருங்கள். சுற்றினால் பிளக்கைப் பூட்டித் திரும்பவும் மெதுவாகத் தள்ளினால் ஒவ்வொரு சிலிண்டரும் கம்ப்ரஷனுக்கு வரும்போது வண்டி ஒரு இழுப்பு இழுத்து நிற்கும். நாலு இழுப்பும் ஒரே கனமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் வழுக்கிக்கொண்டு போனால் அந்த சிலிண்டரில்தான் கோளாறு. ஹேண்டில் போடும் வசதி உள்ள வண்டி என்றால் இன்னும் அழகாகக் கையிலேயே தெரியும்.

இந்த வண்டிகளில் எலி ஒயரைக் கடித்திருக்கும், ஏர் ஃபில்டருக்குள் தேங்காய் நாரும் பஞ்சும் வைத்துக் கூடு கட்டியிருக்கும். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்தால் அந்த நார் இன்ஜினுக்குள் போகும். டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, வெளியே ஒரு கேனில் இருந்து டியூப் போட்டு ஓட்டிப் பாருங்கள்.

முதல் முப்பது விநாடி

இப்போது ஸ்டார்ட் பண்ணலாம். விற்பவரை சாவி திருப்பச் சொல்லிவிட்டு நீங்கள் வெளியே நில்லுங்கள், இன்னொருத்தர் சைலென்ஸர் பக்கம். ஹெரால்டு என்றால் முன்பக்கம் மொத்தமாகக் கவிழ்ந்து திறக்கும், முன் டயர் மேல் உட்கார்ந்துகூடக் கேட்கலாம், அந்த வசதிக்காகவே எனக்கு அந்த வண்டி இன்னும் பிடிக்கும்.

ஆயில் லைட் இரண்டு மூன்று விநாடியில் அணைய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அடியில் இருந்து கனமாக "டொக் டொக்" என்று வந்து லைட் அணைந்ததும் நின்றால் பேரிங் தேய ஆரம்பித்துவிட்டது. மேலே இருந்து தையல் மெஷின் மாதிரி "டிக்டிக்" என்று சீராக வந்தால் வால்வைத் தள்ளும் டப்பட், செட் செய்தால் போய்விடும். இந்த பழைய இன்ஜின்களில் கொஞ்சம் டப்பட் சத்தம் இருப்பதே நல்லது, சத்தமே இல்லை என்றால் ரொம்ப டைட்டாக வைத்திருக்கிறார்கள், வால்வு கருகிவிடும். முன்பக்கம் சங்கிலி உரசுகிற சத்தம் டைமிங் செயின்.

புகை. நீலம் என்றால் ஆயில், கறுப்பு என்றால் பெட்ரோல், வெள்ளை என்றால் தண்ணீர். மார்கழி மாதம் பொள்ளாச்சிப் பக்கம் காத்தால எல்லா வண்டியும் வெள்ளைப் புகை விடும், அது பனிக்குளிர்ச்சிக்கு வரும் ஆவி, ஐந்து நிமிஷத்தில் நின்றுவிடும். சூடான பிறகும் வெள்ளையாகத் தள்ளிக்கொண்டே இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

கம்ப்ரஷன்

சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தமாக இறுகுகிறது என்று அளப்பதுதான் இது. இன்ஜினை நன்றாகச் சூடாக்கி நிறுத்தி, பிளக் நாலையும் கழற்றி, காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்தபடி ஒவ்வொரு சிலிண்டருக்கும் கேஜ் வைத்து ஐந்தாறு சுற்று செல்ஃப் அடிக்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் அடித்தால் காற்று உள்ளே போகாமல் எல்லாமே குறைவாகக் காட்டும், இந்தத் தப்பைப் பல பட்டறைகளிலும் பார்த்திருக்கிறேன்.

அந்தக் காலத்து இன்ஜின்களில் 120 பிஎஸ்ஐக்கு மேல் நாலும் வந்தால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம், 100-க்குக் கீழே போனால் வேலை இருக்கிறது. ஆனால் எண்ணைவிட வித்தியாசம்தான் முக்கியம். 125, 125, 120, 125 என்று வருகிற தேய்ந்த இன்ஜின், 150, 150, 150, 95 என்று வருகிற இன்ஜினைவிட எனக்கு நம்பிக்கையானது. பத்து, பதினைந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரணம் தேட வேண்டும். குறைவான சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்ப அடியுங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங், போர். ஏறவே இல்லை என்றால் வால்வு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கிறது.

வால்வு என்றால் ஒரு கூடுதல் விஷயம். இந்த இன்ஜின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்தவை, வால்வு சீட்டில் ஈயம் ஒரு மெத்தை மாதிரி இருந்தது. இந்தியா முழுக்க 2000-ல் ஈயம் இல்லாத பெட்ரோல் வந்த பிறகு பழைய இரும்பு ஹெட்டுகளில் எக்ஸாஸ்ட் சீட் உள்வாங்க ஆரம்பித்தது. அதனால் ஹெட் வேலை எப்போது பார்த்தது, கடினமான சீட் ரிங் போட்டார்களா என்று கேளுங்கள். போட்டிருந்தால் அது அந்த வண்டிக்கு ஒரு பிளஸ். அதே மாதிரி இப்போது வரும் இ20 பெட்ரோலில் இருக்கும் எத்தனால் பழைய ரப்பர் ஹோஸையும் டயாஃப்ரத்தையும் ஊறவைத்துக் கெடுக்கும், ஹோஸைக் கிள்ளிப் பாருங்கள், பிசுபிசுவென்று இருந்தால் வாங்கின அன்றைக்கே மாற்றிவிடுங்கள், சூடான மேனிஃபோல்டுக்கு மேலே பெட்ரோல் கசிவது விளையாட்டு இல்லை.

ஊட்டியிலோ குன்னூரிலோ வண்டி பார்க்கிறீர்கள் என்றால் கேஜ் குறைவாகக் காட்டுவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே காற்றின் அழுத்தமே குறைவு, கீழே காட்டுவதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். மேலே 120 காட்டுகிற வண்டி கீழே கோவையில் 150 பக்கம் காட்டும்.

ஓட்டிப் பார்ப்பது

ஊருக்குள் ஒரு ரவுண்டு போதாது. குறைந்தது இருபது கிலோமீட்டர், அதில் ஒரு ஏற்றமும் ஒரு இறக்கமும் ஒரு டிராஃபிக்கும் வேண்டும். கோவையில் என்றால் அவிநாசி ரோடு நெரிசலில் கொஞ்ச நேரம், அப்புறம் மருதமலை ஏற்றம். நேரம் இருந்தால் மேட்டுப்பாளையம் தாண்டி கல்லாறிலிருந்து பர்லியாறு வரைக்கும் ஏறி இறங்குவதுதான் உண்மையான பரீட்சை. சத்தியமங்கலம் பக்கம் இருப்பவர்களுக்கு பண்ணாரிக்கு மேலே திம்பம் ரோடு இருக்கிறது, இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு, பாதி ஏறினாலே இன்ஜின் தன் ஜாதகத்தைச் சொல்லிவிடும்.

ஏறும்போது டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்கள். நடுவில் நின்றால் நல்லது. ஏறிக்கொண்டே போனால் ஜாக்கெட்டில் கல், அல்லது ரேடியேட்டர் அடைப்பு. முள் எழும்பவே இல்லை என்றாலும் சந்தோஷப்படாதீர்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்குங்க அது" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டிருப்பார்கள், ஹீட் பிரச்சினையை மறைக்கவும் அப்படிச் செய்வது உண்டு. தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சூடேறாமலே ஓடி, ஆயிலில் பெட்ரோல் கலந்து, போர் சீக்கிரம் தேயும். நம்ம ஊர் வெயிலுக்கும் தெர்மோஸ்டாட் வேண்டும், இதில் நான் யாரோடும் சமரசம் ஆக மாட்டேன்.

இறங்கும்போது கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு நீளமாக இறங்குங்கள், கீழே வந்ததும் ஒரு மிதி மிதித்துக் கண்ணாடியில் பின்னால் பாருங்கள். அந்த நொடியில் நீலப் புகை குபுக்கென்று வந்தால் வால்வு கைடு. ஏறும்போதே சுமையில் நீலமாகத் தள்ளினால் ரிங். கைடு என்றால் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும், ரிங் என்றால் முழு இன்ஜின் வேலை, இரண்டுக்கும் செலவில் நிறைய வித்தியாசம்.

ஆயில் பிரஷர் மீட்டர் இருந்தால் சூடான பிறகு பார்ப்பதுதான் கணக்கு, குளிரில் எல்லா இன்ஜினும் நன்றாகக் காட்டும். ஆயிரம் ஆர்பிஎம்முக்குப் பத்து பிஎஸ்ஐ என்பது பழைய மெக்கானிக்குகள் வைத்திருக்கும் அளவு. எம்ஜிபி மாதிரி வண்டி சூட்டில் ஓடும்போது 50-க்கு மேல் காட்ட வேண்டும்.

திரும்பி வந்ததும் இன்ஜினை ஐடிலில் பத்து நிமிஷம் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து ஒரு காகிதத்தை அந்த வாய் மேல் வையுங்கள். லேசாக ஆடினால் சரி. புஸ் புஸ் என்று தூக்கித் தள்ளினால் ரிங் வழியாகக் காற்று கீழே இறங்குகிறது. அப்புறம் நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு, பதினைந்து நிமிஷம் கழித்துத் திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். ஈரோட்டு வெயிலில் சித்திரை மாதம் கார்புரேட்டர் வண்டி பெட்ரோல் ஆவியாகி மக்கர் பண்ணுவது சகஜம், ஹோஸ் ரூட்டை மாற்றி ஒரு தகடு வைத்தால் போய்விடும், அதற்காக நல்ல வண்டியை விட வேண்டாம். ஆனால் சூட்டில் செல்ஃபே இறுகிச் சுற்றினால் அது வேறு விஷயம், மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

விலை பேசும்போது

இதற்கு முன் எத்தனை தடவை போர் அடித்தார்கள் என்று கேளுங்கள். இங்கிலீஷ் இன்ஜின்களில் 20, 30, 40 தௌ (இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தௌ) என்று ஓவர்சைஸ் போகும், சிலவற்றில் 60 வரைக்கும். ஏற்கெனவே கடைசி ஓவர்சைஸில் இருக்கும் பிளாக் என்றால் அடுத்த முறை ஸ்லீவ் (சிலிண்டருக்குள் செருகும் புதுக் குழாய்) போட வேண்டும், அது முடியாத காரியம் இல்லை, ஆனால் விலையில் கழிக்க வேண்டியது. பில் இருந்தால் வாங்கிப் பாருங்கள், லேத்துக்காரர்கள் பில்லில் சைஸை எழுதித்தான் கொடுப்பார்கள்.

பார்த்த கோளாறை எல்லாம் ஒரு தாளில் எழுதி, உங்கள் மெக்கானிக்கிடம் ஒவ்வொன்றுக்கும் செலவு கேட்டு, கூட்டி, அதோடு கால் பங்கு சேர்த்துக் கழித்துப் பேசுங்கள். பிரித்த பிறகு கூடுதலாக ஏதாவது வரும், வராமல் இருந்ததே இல்லை. முக்கியமாக, அந்த மெக்கானிக் விற்பவருக்கும் தெரிந்தவராக, இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிறவராக இருக்கக் கூடாது.

அட்வான்ஸ் கொடுக்கும்போது தாளில் இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி வீட்டுக்கு வந்ததும், என்ன சொல்லியிருந்தாலும், ஆயிலையும் ஃபில்டரையும் கூலன்ட்டையும் மாற்றிவிட்டுத்தான் ஓட்ட ஆரம்பிக்க வேண்டும். கூலன்ட்டை டிஸ்டில்ட் வாட்டரில் கலந்து ஊற்றுங்கள், போர் தண்ணீர் பக்கமே போக வேண்டாம். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் அந்தப் புது ஆயிலையும் ஒரு வெள்ளைத் துணி வழியாக வடித்து, வெயிலில் பிடித்துப் பாருங்கள்.